திரையில் சிறுத்த பேருயிர்கள்

பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும், மறுபுறம் ஹப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் வளைந்து வளைந்து செல்லும் மலைச் சாலைகளின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளரும் ஒரு பிள்ளைக்கு, டைனோசர் என்னும் பேருயிரை முதன்முதலாக அறிமுகம் செய்து வைத்தது எது என்று விசாரித்துப் பார்த்தால், அது பாடநூலுமன்று, நூதனசாலையுமன்று, ஒரு திரைச்சித்திரமே என்பது விளங்கும். இயற்கை வரலாற்றுக்கென அமைந்த தேசிய நூதனசாலை கொழும்பில் இருக்கிறது. பதுளையிலிருந்து அங்கு போய்ச் சேரப் புகையிரதத்தில் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் மலையிறங்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளை 1977இலிருந்து அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்ற பின்னரும், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாமை என்னும் குறை மலையகத்தை விட்டு நீங்கவில்லை. இத்தகைய சூழலில், திருவிழாக் காலத்தில் வாடகைக்கு வந்த தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும், பிற்காலத்தில் லயன் கூரைகளின்மேல் ஏறிய ‘டிஷ்’ஷுமே பூர்வகாலப் பிராணிகளின் வரலாற்றைப் போதிக்கும் ஆசான்களாயின. ஆகவே, 1993இல் தொடங்கி 2025 வரை ஏழு படங்களாக நீண்டுள்ள ‘ஜுராசிக்’ வரிசையின் தரம் படிப்படியாகக் குன்றிவந்திருப்பதை, பொழுதுபோக்கு உலகின் ஒரு சிறு செய்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரே ஓர் ஆசான் உள்ள வகுப்பில், அந்த ஆசானே படிப்பதை நிறுத்திவிட்டால் மாணவனுக்கு நேரும் நஷ்டம் எத்தகையதோ அத்தகைய நஷ்டம் இது.

முதற் படத்தின் மேன்மை எதில் இருந்தது? பலரும் அதன் கணினி வித்தையைச் சொல்லுவார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுந்த அந்தப் படத்தில் டைனோசர்கள் தோன்றும் நேரம் எல்லாம் சேர்த்துக் கால் மணி அளவே. அதிலும் கணினியில் தீட்டப்பட்ட பகுதி சில நிமிடங்களே. எஞ்சியவை ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் செய்த இயந்திர உருவங்கள். படத்தின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. 1969இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோன் ஒஸ்ட்ரம், டைனோனிக்கஸ் என்னும் பிராணியை வருணித்து, டைனோசர்கள் மந்தமாக ஊர்ந்து திரிந்த ராட்சத ஓணான்கள் என்ற பழைய எண்ணத்தைப் புறந்தள்ளி, அவை சுறுசுறுப்பானவை, பறவைகளுக்கு நெருங்கிய உறவினர் என்று நிறுவத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் கருத்து வலுப்பெற்றபோதிலும், ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் படம் அதை ஒரே வீச்சில் உலகத்தின் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தது. ஜாக் ஹோர்னர் என்னும் தொல்லுயிரியலாளர் ஆலோசகராக இருந்தார். வெலோசிராப்டர் என்னும் டைனோசர் பாம்பைப்போல் பிளவுபட்ட நாக்கை நீட்டும்படி முதலில் அமைக்கப்பட்டிருந்த காட்சியை அவர் மறுத்தபோது, அதைக் கைவிட்டு, சமையலறைக் கதவின் கண்ணாடியில் அதன் மூச்சு ஆவியாய்ப் படியும் காட்சியை வைத்தார்கள். குளிர்ந்த இரத்தப் பிராணியின் நாக்கு போய், வெம்மையான இரத்தப் பிராணியின் மூச்சு வந்தது. விஞ்ஞானத்துக்குச் செவிசாய்த்ததனால் பயங்கரம் குறையவில்லை, பன்மடங்கு கூடிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கல்லிமைமஸ் என்னும் டைனோசர்களின் கூட்டம் பறவைக் கூட்டம்போல் ஒருமித்துத் திசைமாறி ஓடும் காட்சியும் அவ்வாறே ஒரு விஞ்ஞானக் கருத்தின் சித்திர வடிவம்.

அப்படத்தில் பிழைகள் இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு. மனிதன் உயரத்துக்கு நிற்கும் அந்த வெலோசிராப்டர், மொங்கோலியப் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டு 1924இல் பெயரிடப்பட்ட உண்மைப் பிராணியின்படி பார்த்தால், பெரிய வான்கோழி அளவினதே. படத்தில் வருவது உருவத்தால் டைனோனிக்கஸைச் சார்ந்தது. ஆயினும் இரண்டும் ஒரே பேரினம் என்று கருதிய ஆராய்ச்சியாளரும் அந்நாளில் இருந்தமையால் இதற்கு ஒரு நியாயம் உண்டு. டைலோபோசரஸ் கழுத்துச் சவ்வை விரித்து விஷம் உமிழ்வது முழுக் கற்பனை. உண்மைப் பிராணி ஆறு மீற்றர் நீளமுள்ளதாயிருக்க, அதனை ஒரு சிறு ஜந்துவாகக் குறுக்கியும் விட்டார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை கதையின் அஸ்திவாரத்திலேயே இருந்தது. மரப்பிசின் இறுகியுண்டாகும் அம்பரில் சிக்கிய கொசுவின் வயிற்றிலுள்ள இரத்தத்திலிருந்து டைனோசரின் டி.என்.ஏ.யை எடுத்து, அதைக்கொண்டு மறைந்த இனத்தை மறுபடி சிருஷ்டிக்கலாம் என்பது மைக்கல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவலின் ஆதாரக் கருத்து. படம் வெளிவந்த அதே 1993 ஜூன் மாதத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அம்பரில் இருந்த ஒரு கூன்வண்டிலிருந்து டி.என்.ஏ. பெறப்பட்டதாக ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது! நாவலாசிரியனின் கனவும் ஆய்வாளரின் அறிக்கையும் ஒரே வாரத்தில் சந்தித்தன. பிற்காலச் சோதனைகளில் அந்த முடிவு மீண்டும் கிட்டவில்லை. மாசு கலந்ததன் விளைவென்றே இன்று அது கருதப்படுகிறது. என்றாலும், 1993இன் படம் தன் காலத்து விஞ்ஞானத்தின் விளிம்பில் நின்று பிழைத்தது. அதற்கு அப்பால் நின்று பிதற்றவில்லை.

டி.என்.ஏ.யின் ஆயுள் எவ்வளவு என்பது 2012இல் ஓரளவு அளந்தறியப்பட்டது. நியூசிலாந்தில் அற்றுப்போன மோவா என்னும் பெரும்பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவை கிடந்த இடத்தின் வெப்பநிலையான 13 பாகை செல்சியஸ் அளவில், டி.என்.ஏ.யின் இணைப்புகளில் பாதி 521 ஆண்டுகளில் அறுந்துபோகும் என்று கணித்தார்கள். அடுத்த 521 ஆண்டுகளில் எஞ்சியதில் பாதி, அதற்கடுத்து அதில் பாதி என்று இச்சிதைவு தொடர்கிறது. இடம் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்ததாயின் ஆயுள் நீளும். வெப்பமும் ஈரமும் கூடினால் அது விரைந்து சுருங்கும். கிறீன்லாந்தின் உறைந்த மண்ணில் 20 இலட்சம் ஆண்டு பழைமையான டி.என்.ஏ. கிடைத்ததாக 2022இல் வெளியான முடிவே இத்துறையில் எட்டப்பட்டுள்ள தொலைவு. கடைசி டைனோசரோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. இரு பருவமழையும் நனைக்கும் இந்த மலைகளின் செம்மண்ணில் ஓர் எலும்பைப் புதைத்தால், அதன் டி.என்.ஏ. எத்துணை விரைவில் சிதையும் என்பதை இதிலிருந்து வாசகர் தாமே ஊகிக்கலாம்.

அறியாமையால் நேரும் பிழை வேறு, அறிந்தபின்னும் விடாதிருக்கும் பிழை வேறு. இந்த வரிசை வீழ்ந்தது இரண்டாவதினால். 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், உடலெங்கும் மெல்லிழை போர்த்த சைனோசரப்டெரிக்ஸ் வெளிப்பட்டது. அதன்பின் ஆண்டுக்காண்டு இறகுள்ள டைனோசர்கள் வந்த வண்ணமாயிருந்தன. 2007இல், படத்தின் நாயகனாகிய வெலோசிராப்டரின் முன்கை எலும்பிலேயே, இறகுத் தண்டுகள் பதிந்திருந்த புடைப்புகள் காணப்பட்டன. இன்று பல பறவைகளின் சிறகெலும்பிலும் அதே புடைப்புகளைத் தொட்டுணரலாம். 2001இன் மூன்றாம் படம் ராப்டர்களின் தலையில் சில முட்களை நட்டு, போனாற்போகிறது என்று ஒரு சலுகை காட்டிற்று. அதே படத்தில் வந்த ஸ்பைனோசரஸைப் பற்றி நான் குறைகூற மாட்டேன். அதன் முதல் எலும்புகள் 1944இல் மியூனிக் நகரின்மீது விழுந்த குண்டுகளில் அழிந்துபோக, அது குட்டைக் கால்களும் துடுப்பு வாலும் உடைய நீர்வாழ் வேட்டைப் பிராணி என்பது 2014க்கும் 2020க்கும் இடையில்தான் தெரியவந்தது. ஆனால் பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ வழுக்கைத் தோலோடே ராப்டர்களை மீண்டும் நிறுத்தியபோது, அதற்கு மன்னிப்பில்லை. தவளை முதலிய பிராணிகளின் மரபணு கலந்தமையால் இவை உண்மை உருவிலிருந்து மாறுபட்டவை என்று ஒரு பாத்திரத்தின் வாயிலாகச் சமாதானம் சொல்லி வைத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு இருபது ஆண்டு ஆராய்ச்சியும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. டைரனோசரஸின் உடலிற் பெரும்பகுதி செதில் மூடியதே என்பதற்கு 2017இல் தோல் அச்சுகள் சான்றாயின என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும். ஆகவே எல்லா டைனோசருக்கும் இறகு ஒட்ட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், முதற் படம் செய்ததுபோல, தன் காலத்து அறிவோடு உரையாடு என்பதே.

அந்த உரையாடல் நின்றதும் கதைக்குப் பொருள் வற்றிவிட்டது. உண்மைப் பிராணிகள் அலுத்துவிட்டன என்று கதாபாத்திரங்களே சொல்லும்படியாகி, இன்டோமினஸ், இன்டோராப்டர் என்று ஆய்வுக்கூடக் கலப்புப் பிறவிகள் அரங்கேறின. உலகத்தில் எங்கும் எப்போதும் இருந்திராத ஒரு ஜந்துவைப் பார்த்து ஒரு குழந்தை ஏன் அதிசயிக்க வேண்டும்? பேய்க் கதையில் வரும் பேய்க்கும் அதற்கும் என்ன பேதம்? 2018இன் படத்தில், எரிமலைப் புகைக்குள் கரையில் தனித்து விடப்பட்ட பிரக்கியோசரஸ் மெல்ல மறையும் ஒரு காட்சி உண்டு. நீண்ட வரிசையின் பிற்பாதியில் என் நெஞ்சைத் தொட்டது அது ஒன்றே. அதுவும் முதற் படத்தின் நினைவைக் கடன்வாங்கித் தொட்டது. 2022இன் படமோ, டைனோசர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ராட்சத வெட்டுக்கிளிகளைக் கதையின் மத்தியில் வைத்தது. அதன் விரிவுப் பதிப்பின் முன்னுரைக் காட்சியில், வட அமெரிக்காவின் டைரனோசரஸும் தென் அமெரிக்காவின் ஜைகனோட்டோசரஸும் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்நின்று பொருதுகின்றன. பின்னது வாழ்ந்து மறைந்து ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் சென்ற பிறகே முன்னது தோன்றியது. இருவருக்கும் இடையே ஒரு சமுத்திரமும் இருந்தது. காலத்தின் ஆழமே டைனோசர் வரலாற்றின் முதற் பாடமாயிருக்க, அந்தப் பாடத்தையே அழித்துவிட்டு நடத்தும் வகுப்பு என்ன வகுப்பு?

2025இல் வந்த ஏழாவது படம் பதுளை உள்ளிட்ட நம் ஊவா மாகாணத்தை நேரே தொடும் ஒரு கருத்தை ஆதாரமாகக் கொண்டது. இக்காலச் சீதோஷ்ணம் டைனோசர்களுக்கு ஒவ்வாமல் அவை அழிந்துகொண்டிருக்கின்றன என்றும், பூமத்திய ரேகையை அடுத்த வெப்ப வலயத்திலேயே எஞ்சி வாழ்கின்றன என்றும் கதை சொல்லுகிறது. பதுளை வடக்கு 7 பாகையில் இருக்கிறது. கதையின்படி, நமுனுகுல மலையடியில் டைனோசர் திரியத் தடையில்லை. ஆனால் மெய்ச் செய்தி இதற்கு நேர்மாறானது. வட அலாஸ்காவில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 6 பாகையே இருந்து, நுவரெலியாவின் குளிரும் தன்முன் இளவெயிலாய்த் தோன்றும்படியான ஒரு தேசத்தில், மாதக்கணக்கில் சூரியனைக் காணாத மாரிகளைக் கடந்து டைனோசர்கள் வாழ்ந்தன. அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன என்பதும் குஞ்சுகளின் நுண்ணிய எலும்புகளாலும் பற்களாலும் 2021இல் உறுதியாயிற்று. தெற்கிலோ, அந்தாட்டிக்காவின் கேர்க்பட்ரிக் மலையில் 1991இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட கிரையோலோபோசரஸ், 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கண்டத்தில் வேட்டையாடித் திரிந்தது. அக்காலத்தில் அந்தாட்டிக்கா நமக்கு அந்நிய தேசமன்று. இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகிய மூன்றுக்கும் நடுவே, கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் உட்புறத்தில் இலங்கை பொதிந்து கிடந்தது. நடந்தே போகக்கூடிய அண்டை நிலம் அது. பனியுறைந்த தென்கண்டத்தின் வேடனும் நம் பூமியும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பைச் சேர்ந்தவை என்னும் இந்த மெய்ச் செய்திக்கு முன், ஹொலிவூட்டார் கட்டிய தீவுகள் அனைத்தும் எவ்வளவு சிறுத்துப்போகின்றன!

அப்படியாயின் ஊவாவில் தோண்டினால் டைனோசர் எலும்பு அகப்படுமா என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. அகப்படாது, ஏன் அகப்படாது என்பதும் படங்கள் சொல்லாத ஓர் அரிய கதை. பதுளை, பண்டாரவளை, வெலிமடை மலைகளை ஆக்கிய பாறைகள், 200 கோடி ஆண்டு அளவிலான பழம் படிவுகளாகத் தொடங்கி, 60 கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், கோண்டுவானா உருவாகக் கண்டங்கள் மோதியபோது, நிலத்தின்கீழ் இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டு, வெந்து, நெரிந்து, உருமாறியவை. கவ்வாத்து வெட்டியபின் தேயிலை மலைக்குப் போடும் வெள்ளை டொலமைட் தூளைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை; அது ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணச் சேறு என்பதையும், அந்தச் சேறு படிந்த காலத்தில் உலகத்தில் முதுகெலும்புள்ள பிராணி ஒன்றேனும் இல்லை என்பதையும் அறிந்தவர் சிலரே. மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியில் ஆற்றுப் படுகைகளைத் தோண்டி எடுக்கும் கோமேதகமும் நீலக்கல்லும் அந்தப் பழைய உருமாற்றத்தின் வெப்பத்திலே பிறந்தவைதாம். டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அன்று இந்தப் பாறைகள் முன்பே முதிர்ந்து, நிலத்தின்கீழ் புதைந்து கிடந்தன. அவற்றின்மேல் அன்று இருந்த தரையில் அந்தப் பேருயிர்கள் நடந்திருத்தல் கூடும். ஆனால் அத்தரை முழுவதும் மழையில் கரைந்து, ஆறுகளோடு இறங்கிக் கடலுக்குள் போய்விட்டது. பதுளு ஓயா மாரிகாலத்தில் இன்றும் சிவந்து ஓடி மகாவலியில் கலப்பது அந்த வேலையின் தொடர்ச்சியே.

இலங்கையில் ஜுராசிக் காலப் படிவு எங்குமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. புத்தளத்தை அடுத்த தப்போவையிலும் ஆண்டிகமவிலும், பூமி பிளந்து தாழ்ந்த பள்ளங்களில் தப்பிப் பிழைத்த மணற்கல்லும் களிக்கல்லும் உண்டு. அவற்றில் பன்னங்களும் சைக்கசை ஒத்த தாவரங்களும் ஊசியிலை மரங்களும் இலையச்சுகளாய்ப் பதிந்திருக்கின்றன. விலங்கு இன்னும் வரவில்லையாயினும் அவ்விலங்கு மேய்ந்த வனத்தின் சாயல் அங்கே இருக்கிறது. அந்த வனத்தின் சந்ததியைக் காணப் புத்தளம் வரை போகவும் வேண்டாம். ஊவாவின் ஈரமான ஓடைக்கரைகளில் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து குடைவிரிக்கும் மரப்பன்னங்களின் குலம் ஜுராசிக் காலம் வரை பின்னோக்கிச் செல்லும் குலம். அவற்றின் நிழலில் நிற்பவனைச் சுற்றி மலைச்சரிவெங்கும் பச்சை போர்த்த தேயிலையோ, பூக்கும் தாவர இனத்தைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்கள் உலகை ஆளத் தொடங்கியது ஜுராசிக் காலம் கழிந்து நெடுநாள் சென்ற பின்னர்.

ஏழாவது படம் மூன்று பெரும் பிராணிகளின் இரத்தத்தைத் தேடும் கதை. அவற்றுள் மொசசரஸ் கடல் ஊர்வன. குவெட்சால்கோட்லஸ் பறக்கும் ஊர்வன. இரண்டும் டைனோசரே அல்ல. மூன்றாவதாகிய டைட்டனோசரஸ் என்ற பெயரின் பூர்வீகத்தைப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ! 1828இல் மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் ஸ்லீமன் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி கண்டெடுத்த எலும்புகள், இந்தியாவில் அகப்பட்ட முதல் டைனோசர் எலும்புகள் ஆயின. ரிச்சர்ட் லைடெக்கர் 1877இல் அங்கிருந்து கிடைத்த வால் முள்ளெலும்புகளை ஆதாரமாகக் கொண்டே டைட்டனோசரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். ஓர் இனத்தைத் தனித்து அடையாளங்காண அந்த எலும்புகள் போதா என்பது பிற்கால அறிஞர்களின் தீர்ப்பு. பெயருக்குரிய பிராணி இந்தியாவில் இவ்வாறு அரைகுறையாய் நிற்க, படத்தில் அது சாட்டைபோன்ற அளவிறந்த வாலோடு புல்வெளியில் நடமாடுகிறது. வால் கற்பனை, ஆனால் புல்லைப் பற்றி ஒரு சொல். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்னும் ஊரில் கிடைத்த, கல்லாய் இறுகிப்போன சாணத்தை நுணுகி ஆராய்ந்தவர்கள், அதனுள்ளே புல்லின் சிலிக்காத் துணுக்குகளைக் கண்டு 2005இல் அறிவித்தார்கள்; அந்தச் சாணம் டைட்டனோசர் இனத்தினுடையதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. இந்திய மண்ணில் கிடந்த ஒரு சாணத் துண்டு உலகத்தின் பாடநூலைத் திருத்திற்று. இதைவிடச் சுவையான ஒரு துப்பறியும் கதையை எந்தத் திரைக்கதாசிரியர் எழுதிவிடக் கூடும்?

மொங்கோலியாவில் முட்டைகளின் மேலே கிடந்த ஒரு டைனோசரை, முட்டை திருட வந்து மாண்டது என்று கருதி, 1924இல் ‘முட்டைக் கள்வன்’ எனப் பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயரைச் சூட்டினார்கள். அதே வகை முட்டை ஒன்றனுள் 1993இல், ஜுராசிக் பார்க் திரைக்கு வந்த அதே ஆண்டில், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருக்குஞ்சே கண்டெடுக்கப்பட்டது. 1995இல் வருணிக்கப்பட்ட மற்றோர் எலும்புக்கூடு, வட்டமாய் அடுக்கிய முட்டைகளின்மேல் கால் மடக்கி அமர்ந்து, முன்கைகளை இருபுறமும் விரித்து அணைத்த நிலையில் மணற்சரிவில் புதையுண்டிருந்தது. அது கள்வனல்ல, அடைகாத்த பெற்றோர். லயனுக்குப் பின்னால் கூடையில் அடைகிடக்கும் பெட்டைக் கோழி அமரும் கோலமும் அதுவே. அதன் காலிலுள்ள செதிலும், நெஞ்சில் இரு தோளையும் இணைக்கும் கவையெலும்பும், நடக்கையில் மூன்று விரலை முன்னே ஊன்றும் விதமும் அந்தக் குடும்பத்தின் சொத்துக்கள். பறவைகள் யாவும் இறைச்சியுண்ணும் டைனோசர்களின் கிளையிலிருந்து வந்தவை என்பதில் இன்று விஞ்ஞானிகளிடையே பெருத்த விவாதம் இல்லை. தோட்டத்து எல்லைக் காட்டிலிருந்து விடியலில் கூவும் இலங்கைக் காட்டுக்கோழியும் அந்தக் கிளையின் தளிரே. ஆதலால், எட்டாவது படம் எப்போது வரும், அதில் எந்தக் கலப்புப் பிறவி வரும் என்று காத்திருப்பதினும், பண்டிகை நாளில் அடுப்படிக்கு வரும் கோழியின் சிறகெலும்பையும் கவையெலும்பையும் கழுவி உலர்த்திப் பத்திரப்படுத்தி, வகுப்பறை மேசையில் வைத்து, வெலோசிராப்டரின் எலும்புச் சித்திரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும்படி ஊவாவின் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்ளுகிறேன். செலவு ஒன்றுமில்லை, சித்திரம் ஒன்றும் ஒரு பாட வேளையும் போதும்.